சாமி பங்கு: விற்பனையில் எடுப்பதா, இலாபத்தில் எடுப்பதா?

மோல்மீன் தம்பி
பெரியவர்களுக்கு வணக்கம். வரும் சித்திரைப் புதுக்கணக்கோடு யாங்கோனில் பருப்பு, உளுந்து மொத்தக் கடை ஒன்று ஆரம்பமாகிறது. பங்காளிகள் இரண்டு பேர். ஒருவர் முருகனைக் கும்பிடுகிறவர், இன்னொருவர் சூலியா, அதாவது தமிழ் முஸ்லிம். இருவருமே கடையில் கடவுளுக்கு ஒரு பங்கு வைக்க வேண்டும் என்கிறார்கள். மகமை என்கிற அந்தப் பங்கை விற்பனையில் எடுப்பதா, இலாபத்திலா? பேரேட்டில் எப்படி ஏற்றுவது? அதோடு, "நேர்மையாக நடப்போம்" என்று மொட்டையாக எழுதாமல், கடைப் பையனுக்கும் விளங்குகிற மாதிரி என்னென்ன கட்டுப்பாடுகளை எழுதி வைக்கலாம்?

பேரேடு
தம்பி, கடைசியாகக் கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். கொள்கைக்கு ஒரு தொகை, ஒரு தேதி, ஒரு கணக்குத் தலைப்பு மூன்றும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காசு முடங்குகிற முதல் மாதமே அது போய்விடும். பக்தி குறைந்து போய் அல்ல, வாடகைக்காரரும் சரக்குக்காரரும் வாசலில் நிற்கும்போது கேட்காமல் இருப்பவர் சாமி ஒருவர்தான் என்பதால்.

எனவே மகமையைக் கடன் என்று எழுதுங்கள். மிஞ்சினால் கொடுக்கும் தர்மமாக எழுதாதீர்கள். மாதக் கடைசி வேலைநாளில் தொகையைக் கணக்கிட்டு, மகமைச் செலவில் பற்று, "மகமை, கொடுக்க வேண்டியது" என்ற கணக்கில் வரவு. அடுத்த பத்து நாளுக்குள் கட்டும்போது அந்தக் கணக்கில் பற்று, ரொக்கத்தில் வரவு. வருடக் கடைசியில் ஐந்தொகை எடுத்தால் அந்தத் தலைப்பில் எவ்வளவு நிற்கிறதோ அவ்வளவு சாமிக்குக் கடை பட்ட கடன். சரக்குக்காரருக்குக் கொடுக்க வேண்டியதற்குப் பக்கத்து வரியிலேயே அது நிற்க வேண்டும்.

பணத்தையும் தனியாக வையுங்கள். வங்கியில் இன்னொரு கணக்கு, அல்லது கேபிஇசட் பே என்ற கைப்பேசிப் பணச் செயலியில் தனி எண். கல்லாவுக்குள் சாமிப் பணம் கிடந்தால் அது சுழல்முதலாகிவிடும். "நாளைக்கு வைத்துவிடலாம்" என்று எடுத்த காசைத் திரும்ப வைக்க எந்தக் கடையிலும் ஒரு நாள் குறிப்பதில்லை.

மொகல் தெரு
பேரேடு சொல்வதற்குப் பழைய ஆதாரம் இந்த ஊரிலேயே இருக்கிறது. நகரத்தார் (செட்டியார்) வட்டிக்கடைகள் மகமையைக் கடைக் கணக்கிலேயே ஏற்றினார்கள். அப்படிச் சேர்ந்த கோயில் பணம் திரும்பவும் கடைகளில் வைப்பாக இருந்து வட்டி சம்பாதித்தது. தண்டாயுதபாணி அந்தக் கடைகளுக்கு வைப்புக்காரர். வைப்புக்காரருக்கு வட்டி தவறினால் கடையின் பெயர் கெடும், அவ்வளவு கறாரான உறவு. ஒவ்வொரு தமிழ் மாதமும் 16ஆம் தேதி இரவு மொகல் தெருக் கோயிலில் கூடித்தான் நடப்பு வட்டியையும் முடிவு செய்தார்கள். சாமி முன்னால் சொன்ன வட்டியை மறுநாள் கடையில் மாற்றிச் சொல்ல முடியாது. 1930 வங்கி விசாரணைக் குழு பர்மாவில் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருப்பதாகக் கணக்கெடுத்தது. இத்தனை கடைகளும் ஒரே ஒழுங்கில் ஓடியதற்கு அந்தக் கூட்டமும் ஒரு காரணம்.

கடையைப் பார்த்துக்கொள்ள வந்த மேலாளுக்கும் தவணைக்குத்தான் நியமனம், பொதுவாக மூன்று வருடம். சம்பளத்தை ஆரம்பத்திலேயே கொடுத்துவிடுவார்கள். குடும்பத்துக்குப் பணம் அனுப்பக் கல்லாவைத் தொட வேண்டிய அவசியம் அவருக்கு வராது. நம்பிக்கை வைப்பதோடு, அது உடையாமலிருக்கும்படியும் ஏற்பாடு செய்தார்கள்.

பேகு உளுந்து
விற்பனையில் விழுக்காடு போடாதீர்கள் தம்பி. மொத்த வியாபாரத்துக்கு அது ஒத்துவராது. இப்போதைய நிலையில் இலாபம் என்ற சொல்லையும் பார்த்துப் பயன்படுத்த வேண்டும். வட்ட எண்களில் ஒரு கணக்கு போடுகிறேன்.

50 கிலோ மூட்டை 100. மூட்டை 1,50,000 கியாட்டுக்கு வாங்கியது, முதல் 1 கோடியே 50 லட்சம். இரண்டு மாதம் கழித்து 1,80,000 வீதம் விற்றால் 1 கோடியே 80 லட்சம். வாடகை, கூலி, வண்டி எல்லாம் 2 லட்சம். ஏட்டில் இலாபம் 28 லட்சம். ஆனால் அதற்குள் கியாட் இறங்கி, அதே 100 மூட்டையைத் திரும்ப வாங்க மூட்டைக்கு 1,75,000 ஆகிறது. சரக்கை நிரப்ப 1 கோடியே 75 லட்சம் போனால் கையில் நிற்பது 3 லட்சம்தான்.

ஏட்டு இலாபத்தில் பத்தில் ஒன்று என்று நேர்ந்திருந்தால் மகமை 2,80,000. பங்காளிகள் இருவருக்கும் சேர்த்து மிஞ்சுவது 20,000. விற்பனையில் 1 விழுக்காடு என்றால் 1,80,000, அதாவது உண்மையான மிச்சத்தில் 60 விழுக்காடு. சரக்கை நிரப்பிய பிறகு மிஞ்சியதில் பத்தில் ஒன்று என்றால் 30,000. மூன்றுமே கேட்பதற்கு பக்தியாகத்தான் இருக்கிறது. ஆனால் சரக்கு விலை இன்னும் கொஞ்சம் ஏறினால் முதல் இரண்டும் கடையின் முதலைத் தின்றுவிடும். முதல் கரைந்த கடையில் அடுத்த வருடம் சாமிக்கும் ஒன்றும் இருக்காது.

ஆகவே நேர்த்தி வாசகம் இப்படி இருக்கட்டும்: "விற்ற சரக்கைக் கணக்கு முடிக்கும் நாள் விலையில் திரும்ப நிரப்பி, செலவும் வரியும் போக மிஞ்சியதில் பத்தில் ஒன்று." எந்த நாள், எந்தச் சந்தை விலை என்பதையும் எழுதுங்கள். யாங்கோனின் பயிந்நவுங் மொத்தச் சந்தையில் மாதக் கடைசி வேலைநாள் காலை விலை என்று வைத்துக்கொள்ளலாம். நாளை எழுதாமல் விட்டால், விலை ஏறிய நாளைப் பார்த்து மகமையைக் குறைத்துவிடத் தோன்றும்.

தன்லின் மளிகை
பேகு அண்ணன் கணக்கு மொத்தக் கடைக்குச் சரி. சில்லறை மளிகைக்கு ஒத்துவராது. 400 வகைச் சரக்கு இருக்கிற கடையில் மாதா மாதம் இருப்பு எடுத்து மாற்று விலை போட்டுப் பார்ப்பவர்கள் அரிது. அங்கே இலாபம் ஓர் உத்தேசம்தான். மகமை கட்டும் நாள் நெருங்க நெருங்க அந்த உத்தேசம் சுருங்கும். இருப்பு எடுக்காத கடைக்கு விற்பனையில் ஆயிரத்துக்கு இரண்டு அல்லது மூன்று என்று சின்ன வீதமாக வைப்பதே நேர்மை. தினம் கல்லா எண்ணும்போதே எடுத்துவிடலாம், வாதத்துக்கு இடமில்லை. ஒரு விஷயம், 5 விழுக்காடு வணிக வரி வசூலிக்கிற கடையாக இருந்தால் அந்த வரியைக் கழித்த பிறகே வீதத்தைப் போட வேண்டும். வரி அரசாங்கத்தின் காசு. அதிலிருந்து சாமிக்குக் கொடுப்பது தானமாகாது.

மொகல் தெரு
மூன்றாவது வழியும் உண்டு. மூட்டைக்கு இவ்வளவு என்று எடுப்பது. விருதுநகர், சிவகாசி நாடார் பேட்டைகளில் மகமை அப்படித்தான் சேர்ந்தது, வந்து போகும் மூட்டைக்கு இவ்வளவு என்று. அந்தப் பணத்தில் பள்ளிக்கூடம் கட்டினார்கள். விருதுநகர் சத்திரிய வித்யாசாலை 1889இல் அப்படி வந்ததுதான்.

உளுந்துக் கடைக்கு இது நன்றாகப் பொருந்தும். பணமாக அல்லாமல் பொருளாகவே, 50 கிலோ மூட்டைக்கு 100 கிராம் என்று வையுங்கள். அது ஐந்நூறில் ஒன்று. வருடம் 1,000 மூட்டை போனால் 100 கிலோ உளுந்து. கியாட் எவ்வளவு இறங்கினாலும் உளுந்து உளுந்தாகவே இருக்கும், அன்னதான அடுப்புக்கு நேராகப் போகும். வாங்கும்போது எடுப்பதா, விற்கும்போது எடுப்பதா என்பதை மட்டும் எழுதிவிடுங்கள். விற்கும்போது எடுப்பது நல்லது. கெட்டுப்போன மூட்டைக்கு மகமை வராது.

மோல்மீன் தம்பி
மூட்டைக்கு 100 கிராம், வருடக் கடைசியில் மிச்சத்தில் ஒரு பங்கு என்று இரண்டையும் சேர்த்து வைக்கலாமா? வருடம் முழுக்கச் சேர்த்து பங்குனி உத்திரத்துக்கு ஒரே தொகையாகக் கொடுத்தால் கோயிலுக்கும் உபயோகமாக இருக்குமே?

பேரேடு
இரண்டையும் சேர்க்கலாம். மூட்டை மகமையைச் சரக்குச் செலவாகவும், வருடப் பங்கை மகமைக் கடனாகவும் ஏற்றுங்கள். ஒரே கணக்கில் கலக்காதீர்கள்.

ஆனால் பணத்தை வருடம் முழுக்கப் பூட்டி வைக்காதீர்கள். இந்த நாட்டில் அது ஆபத்து. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். 1985 நவம்பரில் 20, 50, 100. 1987 செப்டம்பர் 5ஆம் தேதி 25, 35, 75 கியாட் நோட்டுகளை மாற்றுப் பணமே கொடுக்காமல் ஒழித்தார்கள். உண்டியலில் விழுந்து எண்ணப்படாமல் கிடந்த காணிக்கையும் அதில் சேர்ந்து காகிதமானது. அப்படி ஒன்று திரும்ப நடக்காவிட்டாலும், 2021க்கு முன் டாலருக்கு 1,300 சொச்சமாக இருந்த கியாட் வெளிச்சந்தையில் 4,000ஐத் தாண்டியதைப் பார்த்துவிட்டோம். வருடம் முழுக்கப் பெட்டியில் இருந்த காணிக்கை, கொடுக்கிற நாளில் பாதி அரிசிதான் வாங்கும்.

முதலில் மாதா மாதம் என்றேன்; வருடப் பங்கு என்றால் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கணக்கு முடித்துக் கட்டுங்கள். ஒரு காலாண்டில் நஷ்டம் வந்தால் அதே வருடத்தின் அடுத்த காலாண்டு மிச்சத்தில் கழித்துக்கொள்ளலாம். அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. கட்டியதைத் திரும்பக் கேட்கவும் கூடாது. இந்த மூன்றையும் எழுத்தில் வையுங்கள். அரசாங்க நிதியாண்டு 2022லிருந்து மறுபடி ஏப்ரல் முதல் மார்ச் வரை என்று ஆகிவிட்டதால் ஐந்தொகையும் சித்திரைப் புதுக்கணக்கும் அடுத்தடுத்தே வரும். மார்ச் 31இல் இருப்பெடுத்து, திஞ்ஞான் (பர்மியப் புத்தாண்டு) விடுமுறையில் வங்கி மூடுமுன் கடைசித் தவணையைக் கட்டிவிட்டால் ஏப்ரல் 14 அன்று சுத்தமான ஏட்டில் பிள்ளையார் சுழி போடலாம்.

தராசுமுள்
விழுக்காட்டைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், தராசைப் பற்றி யாரும் பேசவில்லையே.

பர்மா வீசை 1 கிலோ 633 கிராம். சில கடைகளில் கிலோத் தராசில் 1.6 நிறுத்து "ஒரு வீசை" என்று கொடுக்கிறார்கள். கேட்டால் சில்லறை கழித்தோம் என்பார்கள். வீசைக்கு 33 கிராம், அதாவது 2 விழுக்காடு. 100 வீசைக்கு 3 கிலோ 300 கிராம். விற்பனையில் 1 விழுக்காடு மகமை கொடுக்கிற கடை இப்படி நிறுத்தால், வாங்குகிறவரிடம் எடுத்ததில் பாதியைச் சாமிக்குக் கொடுக்கிறது. சாமி அதைக் கணக்கில் வைக்காது என்று நினைக்கிறவர்கள் மகமையே எடுக்க வேண்டாம்.

தராசுக்கு அருகில் பெரிய எழுத்தில் அட்டை தொங்கவிடுங்கள்: கால் வீசை 408 கிராம், அரை வீசை 817, ஒரு வீசை 1,633, பத்து வீசை 16 கிலோ 330. பையன்கள் மனக்கணக்கில் வெட்டக் கூடாது. முத்திரை போட்ட 1 கிலோ, 5 கிலோ, 20 கிலோப் படிக்கல் வாங்கி, தினம் காலை கடை திறந்ததும் தட்டின் நடுவிலும் நான்கு மூலையிலும் வைத்துப் பாருங்கள். மின் தராசு மூலைக்கு மூலை மாறினால் அதன் உணரி கெட்டிருக்கலாம். தரை சாய்ந்திருந்தாலும் மாறும், குமிழ் மட்டம் பார்த்துக் கால்களைத் திருகுங்கள். மின்சாரம் போய் மின்கலத்தில் ஓடும்போது சார்ஜ் இறங்கினாலும் எண் ஆடும். பார்த்ததைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். சாக்கு எடையை உத்தேசமாகக் கழிக்காதீர்கள். பத்து வெறும் சாக்கை ஒன்றாக நிறுத்து, பத்தால் வகுத்து, அந்தக் கட்டுக்கு அதையே கழியுங்கள்.

நம் அளவுகாரர்கள் மரக்காலில் முதல் அளவைப் போடும்போது "ஒன்று" என்று சொல்லாமல் "லாபம்" என்று தொடங்குவார்கள். அந்த லாபம் அளக்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் சேர்த்துச் சொல்கிற சொல். எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் அது.

பேகு உளுந்து
தராசுமுள் ஐயா சொன்னதோடு ஈரத்தையும் சேர்க்க வேண்டும். 14 விழுக்காடு ஈரத்தோடு 100 கிலோ வாங்கி, கிடங்கில் 12க்குக் காய்ந்தால் 97 கிலோ 700 கிராம்தான் மிஞ்சும் (86ஐ 0.88ஆல் வகுத்துப் பாருங்கள்). இந்த 2 கிலோ 300 கிராம் யாரும் திருடியதல்ல. கணக்குப் புரியாத முதலாளி கிடங்குப் பையனைச் சந்தேகப்படுவார். மழைக்காலத்தில் திருப்பி நடக்கும். உளுந்து ஈரம் குடித்து எடை கூடும், சிலர் அதையே வியாபாரமாக்கித் தண்ணீர் தெளிக்கிறார்கள். ஈரமானி ஒன்று வாங்கி, வாங்கும்போதும் விற்கும்போதும் ஈரத்தைப் பட்டியலில் எழுதினால் இரண்டு பக்கத்து மனத்தாங்கலும் போய்விடும்.

தரத்தையும் எழுதுங்கள். எஃப்ஏக்யூ (சராசரித் தரம்), எஸ்க்யூ (சிறப்புத் தரம்) என்று உளுந்து இரண்டு தரமாகப் போகிறது. எஸ்க்யூ பருமன், விலை கூட. எஸ்க்யூ மூட்டையின் வாய்ப் பக்கம் நல்லதைப் போட்டு நடுவில் மற்றதைக் கலப்பது, பழைய அறுவடையைப் புதியதோடு சேர்ப்பது, இவைதான் இந்தத் தொழிலின் வழக்கமான பாவங்கள். பழைய உளுந்து ஊற நேரம் எடுக்கும், மாவு பொங்காது. சாக்கில் அறுவடை வருடத்தைச் சாயத்தில் எழுதி, பழையதைப் பழையது என்று சொல்லிக் குறைத்து விற்கலாம். இட்லிக்கடைக்காரர் ஒருமுறை ஏமாந்தால் அந்தத் தெருவே வராது.

சூலியா பாய்
அஸ்ஸலாமு அலைக்கும். முஸ்லிம் பங்காளி விஷயத்துக்கு வருகிறேன். ஜக்காத் என்ற கட்டாய தர்மத்தை மகமையோடு கலக்கவே கூடாது. அது இலாபத்தில் எடுப்பதல்ல, வியாபாரச் செல்வத்தின் மேல் வருவது. நஷ்டமான வருடத்திலும் நிஸாபை, அதாவது ஜக்காத் கடமையாகும் குறைந்தபட்ச அளவைத் தாண்டிய சரக்கு இருந்தால் கடமைதான். வாங்குவோரும் எட்டு வகையினர் மட்டும். பள்ளிவாசல் கட்டட நிதிக்கு ஜக்காத்தைப் போடுவதைப் பெரும்பாலான உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) ஏற்பதில்லை. கட்டடத்துக்கு சதக்காவிலிருந்து (விரும்பிக் கொடுக்கும் தர்மம்) கொடுங்கள்.

கணக்கு: சந்திர வருடம் முடியும் நாளில், சரக்கை அன்றைய விற்பனை விலைக்கு (மொத்தமாக விற்பவருக்கு மொத்த விலை) மதிப்பிடுங்கள். ரொக்கம், வங்கி இருப்பு, வரும் என்று நம்பிக்கையுள்ள பாக்கி ஆகியவற்றைக் கூட்டுங்கள். தராசு, அலமாரி, வண்டி, கட்டடம் வேண்டாம். சரக்கு 1 கோடியே 60 லட்சம், ரொக்கம் 30 லட்சம், நல்ல பாக்கி 40 லட்சம் என்றால் மொத்தம் 2 கோடியே 30 லட்சம். முஸ்லிம் பங்காளியின் பாதிப் பங்கு 1 கோடியே 15 லட்சம், இரண்டரை விழுக்காடு 2,87,500 கியாட். சரக்குக்காரருக்குக் கொடுக்க வேண்டியது 50 லட்சம் இருக்கிறதே என்றால், ஷாஃபி மத்ஹபில் (மார்க்கச் சட்டப் பிரிவு) வலுவான சொல்லின்படி கடன் ஜக்காத்தைத் தடுக்காது. ஹனஃபி மத்ஹபில் அவர் பங்கான 25 லட்சத்தைக் கழிப்பார்கள், அப்போது 90 லட்சத்துக்கு 2,25,000. சூலியாக்கள் பெரும்பாலும் ஷாஃபி, யாங்கோனில் பக்கத்துப் பள்ளிவாசல் ஹனஃபியாக இருக்கும். அங்கே கேட்டு ஒரு வருடம், இங்கே கேட்டு ஒரு வருடம் என்று சுளுவானதைப் பொறுக்காதீர்கள்.

நிஸாப் 85 கிராம் தங்கம், பர்மா எடையில் ஏறத்தாழ 5.2 கியாட்தா. அல்லது 595 கிராம் வெள்ளி. தங்கம் ஏறிய ஏற்றத்தில் இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி. சின்ன முதல்காரர்கள் தங்கத்தைப் பார்த்தால் தப்பிவிடுவார்கள், வெள்ளியைப் பார்த்தால் மாட்டுவார்கள். ஏழைகளுக்குப் பயன் அதிகம் என்பதால் பல உலமாக்கள் வெள்ளியைத்தான் சொல்கிறார்கள். மற்றப் பங்காளி முஸ்லிம் அல்லாதவர் என்பதால் அவர் பங்கைச் சேர்த்து நிஸாப் பார்க்கக் கூடாது.

ஏப்ரல் கணக்கோடு சேர்த்து ஆங்கில வருடத்துக்குக் கட்டினால் 2.5 போதாது, சுமார் 2.577 போட வேண்டும். சந்திர வருடம் 11 நாள் குறைவு. விட்டால் 33 வருடத்தில் ஒரு வருட ஜக்காத் காணாமல் போகும்.

மோல்மீன் தம்பி
அப்படியானால் கடைப் பொதுக்கணக்கிலிருந்து மகமையும் ஜக்காத்தும் எடுப்பது எப்படி பாய்? ஒருவருடைய கோயிலுக்கு இன்னொருவர் காசு போகிறதே.

சூலியா பாய்
அதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும். ஜக்காத்துக்கு அவரவர் நிய்யத் (மனதில் வைக்கும் எண்ணம்) வேண்டும், அவரவர் பங்கிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். கோயில் மகமையும் அப்படியே. பொதுக்கணக்கிலிருந்து இருவரும் சம்மதிக்கிற பொது தர்மம் மட்டும் போகட்டும்: பள்ளிப்பிள்ளை செலவு, வைத்தியம், பசித்தவருக்குச் சாப்பாடு. மூட்டைக்கு 100 கிராமை அங்கே வைக்கலாம். கூட்டு ஒப்பந்தத்தில் "இலாபம் பிரிக்குமுன் பொது தர்மத்துக்கு இவ்வளவு, பிரித்த பின் அவரவர் சமயக் கடமை அவரவர் கணக்கில்" என்று ஒரு பிரிவு எழுதிக் கையெழுத்திடுங்கள்.

வட்டியையும் இப்போதே பேசுங்கள். கடன் விற்பனையில் ரொக்க விலை ஒன்று, 60 நாள் விலை ஒன்று சொல்லலாம். ஆனால் பிரியுமுன் எந்த விலை என்று ஒன்றை முடிவு செய்து பட்டியலில் அதை மட்டும் எழுத வேண்டும். 60 நாள் 90 ஆனால் மேலே ஏற்றக் கூடாது. "சீக்கிரம் கட்டினால் இவ்வளவு குறைப்போம்" என்று முன்நிபந்தனை எழுதுவதையும் பெரும்பாலான மத்ஹப்கள் ஏற்பதில்லை. அன்றைக்குத் தானாக விட்டுக்கொடுத்தால் குற்றமில்லை. கையில் இல்லாத சரக்கை விலை பேசி விற்று வித்தியாசத்தை மட்டும் வாங்குகிற காகித வியாபாரமும் கூடாது.

மொகல் தெரு
வட்டி வாங்குகிற இந்துக் கடைகளுக்கும் வேலி உண்டு. ஒரே சமயத்தில் வசூலிக்கும் வட்டி முதலைத் தாண்டக் கூடாது என்பது தர்மசாஸ்திரத்தின் பழைய விதி, தாம்துபட் என்று நீதிமன்றங்களில் பெயர். கடன் சீட்டிலேயே அதை எழுதினால் வாங்குகிறவர் நிம்மதியாகத் தூங்குவார்.

இன்னொன்று, அடமானத்தை மட்டும் நம்பிக் கடன் கொடுக்காதீர்கள். 1930க்குப் பிறகு நெல் விலை விழுந்தபோது வட்டிக்கடைகளுக்குப் பணம் திரும்பவில்லை, நிலம் திரும்பியது. 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலம் 1938க்குள் 25 விழுக்காடானது. அவர்கள் கேட்டது நிலமல்ல. ஆனாலும் உழுதவன் நிலம் போயிற்று, கொடுத்தவன் பணமும் போயிற்று, அந்த மனக்கசப்பு இரண்டு தலைமுறைக்கு நின்றது. கட்ட முடிகிறவருக்கா கொடுக்கிறோம் என்று பார்ப்பதும் தர்மத்தில் சேர்ந்ததே.

இன்செயின் அக்கா
கிறிஸ்தவர்கள் யாராவது படித்தால் அவர்களுக்கும் ஆகட்டும். தசமபாகம் கடை விற்பனையில் அல்ல, உங்களுக்கு வந்த வருமானத்தில். சம்பளமாக எடுத்தது, இலாபப் பங்கு, அதோடு எல்லோரும் மறக்கிற மூன்றாவது: கடையிலிருந்து வீட்டுக்குப் போகும் அரிசி, எண்ணெய், பருப்பு. அதை அடக்க விலைக்குப் "சொந்த எடுப்பு" என்று எழுதாவிட்டால் தசமபாகமும் தவறும், பங்காளி கணக்கும் தவறும். எழுத ஒரு சின்ன நோட்டு கதவோரம் கட்டித் தொங்கினால் போதும்.

காணிக்கைக்கு முன் கூலி. மாதக் கடைசியில் கூலி கொடுப்பதும், அதை எந்த வழியில் கொடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். 2021இல் வங்கியில் பணம் எடுக்கக் கட்டுப்பாடு வந்தபோது, கணக்கில் போட்ட சம்பளத்தை ரொக்கமாக்கத் தொழிலாளர்கள் தரகு கொடுக்க வேண்டியிருந்தது. ஏட்டில் முழுச் சம்பளம், கையில் குறைவு. ரொக்கமாகக் கொடுங்கள், முடியாவிட்டால் தரகைக் கடை ஏற்கட்டும் என்று எழுதுங்கள்.

தராசுமுள்
அக்கா கூலியைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன், இது உயிர் விஷயம். உளுந்தில் வண்டு விழுந்தால் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைக்கிறார்கள். 3 கிராம் மாத்திரை ஒன்று ஈரக்காற்றுப் பட்டு 1 கிராம் பாஸ்பீன் வாயு விடும். மூட்டை அடுக்கைத் தார்ப்பாயில் மூடிக் குறைந்தது 7 நாள் வைத்து, பிறகு நன்றாகக் காற்றாட விட வேண்டும். வாயு பலகை இடுக்கு, சுவர் வெடிப்பு வழியாக மேல்மாடிக்குப் போகும். நம் கடைகளில் பையன்கள் மாடியிலோ சரக்கின் பக்கத்திலோ தூங்குகிறார்கள். ஆட்கள் தங்குகிற கட்டடத்தில் மாத்திரை வைக்கவே கூடாது. பயிற்சி பெற்றவரைத் தனிக் கிடங்கில் வைத்துச் செய்யச் சொல்லுங்கள், அல்லது காற்றுப் புகாத உள்ளுறைச் சாக்கில் நன்றாகக் காய்ந்த உளுந்தைக் கட்டுங்கள், வண்டு மூச்சு முட்டிச் சாகும். செலவு கூடத்தான் ஆகும். அந்தச் செலவை "கொள்கைச் செலவு" என்று எழுத வேண்டாம், கிடங்குச் செலவு என்றே எழுதுங்கள். அது கடையின் கடமை.

பேகு உளுந்து
உண்மை. பர்மியத் தொழிலாளிகளையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஆயுதம், உயிர்கள், இறைச்சி, போதை, விஷம் என்று ஐந்து வியாபாரத்தைப் பௌத்தர்கள் விலக்குகிறார்கள். மாத்திரை கையாள மாட்டேன் என்று ஒரு பையன் சொன்னால் அவனைச் சோம்பேறி என்று நினைக்கக் கூடாது.

கையிருப்பைப் பற்றியும் ஒரு வரி வேண்டும். நம் உளுந்தும் துவரையும் பெரும்பாலும் இந்தியாவுக்குத்தான் போகிறது. 2017 ஆகஸ்டில் இந்தியா இறக்குமதிக்கு உச்சவரம்பு போட்டபோது துவரைக்கு வருடம் 2 லட்சம் டன் என்று நின்றது, இங்கே விலை சரிந்தது. 2021இல் ஐந்து வருடத்துக்கு, வருடம் உளுந்து இரண்டரை லட்சம் டன், துவரை 1 லட்சம் டன் என்று ஒப்பந்தம் வந்தது. டெல்லியில் ஓர் அறிவிப்பு வந்தால் பயிந்நவுங்கில் கிடங்கு முழுக்க முடங்கும். எனவே பிறர் பணத்தில் வாங்கிய சரக்கு சொந்த முதலுக்கு மேல் போகக் கூடாது என்று எல்லை போடுங்கள். விலை விழும் நாளில் சரக்குக்காரருக்குச் சொன்ன வார்த்தையைக் காப்பாற்ற அதுதான் உதவும்.

மோல்மீன் தம்பி
எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று: மூட்டை மகமை 100 கிராமைத் தினமும் எடுத்து வைப்பதா, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குப் பார்த்து எடுப்பதா?

பேரேடு
மூன்று மாதம் வேண்டாம். விற்பனைப் பட்டியலின் அடியில் "மூட்டை எண்ணிக்கை" என்று ஒரு கட்டம் அச்சடியுங்கள். சனிக்கிழமை மாலை அந்த எண்களைக் கூட்டி, பத்தால் வகுத்தால் எத்தனை கிலோ என்று வரும். 37 மூட்டை என்றால் 3 கிலோ 700. அன்றே நிறுத்துத் தனிச் சாக்கில் போட்டு, வாயைக் கட்டி, எடையையும் தேதியையும் அட்டையில் எழுதிவிடுங்கள். 50 கிலோ நிரம்பியதும் அனுப்புங்கள், ரசீது வாங்கிப் பேரேட்டில் ஒட்டுங்கள்.

தராசுமுள்
நிறுக்கும்போது சாக்கு எடையைக் கழிக்க மறக்காதீர்கள்.